புறக்கடை அடுப்பு

ஓர் ஊரின் முன்னேற்றத்தை அளந்தறியப் புகுவோர் பெரும்பாலும் அவ்வூரின் முன்வாயிலையே காண்கின்றனர். அகன்ற சாலை, உயர்ந்த மாடம், இரவைப் பகலாக்கும் மின்விளக்கு, விரைந்தோடும் ஊர்தி ஆகிய இவை கண்ணைக் கவர்வன. இவற்றைக் கண்டோர், ‘ஊர் உயர்ந்துவிட்டது’ எனக் கூறி மகிழ்வர். அம்மகிழ்ச்சியை மறுப்பது எம் நோக்கமன்று. ஆயினும், முன்வாயிலைக் கண்ட கண்களால் ஒருமுறை வீட்டின் புறக்கடையையும் காணுமாறு நேயர்களை வேண்டிக்கொள்கின்றோம். ஆங்கே, தண்ணீர்த் தொட்டிக்கும் குளிக்குமிடத்திற்கும் நடுவில், கரிபடிந்த மூன்று கற்களும், அவற்றின்மேல் கரிபடிந்த ஓர் அண்டாவும் இருக்கும். அதுவே வெந்நீர் அடுப்பு. அவ்வடுப்பைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

‘கல்லூரி மலரில் எழுதத்தகும் பொருளோ இது? கம்பன் கவிநயத்தையோ சங்ககாலத்து நாகரிகத்தையோ ஆராய வேண்டிய தமிழ் மாணவர் அண்டாவையும் விறகையும் ஆராயப் புகுந்ததென்னை?’ என நகைப்பாரும் உளர். அவர்க்கு எம் விடை இது: நாள்தோறும் வைகறையில் அவ்வண்டா நீரில் நீராடித் தூய உடை உடுத்த பின்னரே யாம் கம்பனைக் கற்கச் செல்கின்றோம். அந்நீரைக் காய்ச்சினார் யார், எதனால் காய்ச்சினார், அதனால் அவர் உற்றது யாது என்பவற்றை ஒருநாளேனும் எண்ணாதிருத்தல் நன்றியுடைமை ஆகாது.

பீளமேடு என இன்று வழங்கும் ஊர் முன்னாளில் பூளைமேடு என வழங்கிற்று. தை பிறக்குமுன் கொங்கு நாட்டார் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகின்ற பூளைப்பூவை அப்பழம்பெயர் நினைவூட்டுகின்றது. பூளை பூத்த அந்நிலம் தொழில் நிலமாக மாறிய வரலாறு வியப்புக்குரியது. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியினின்று மின்னாற்றல் பிறந்தது. அது கோவை நாட்டு ஆலைகளைச் சுழற்றிற்று. 1937-ஆம் ஆண்டில், ஜி. டி. நாயுடுவின் பீளமேட்டுத் தொழிற்சாலையினின்று, டி. பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியால், நம் நாட்டிலேயே செய்த மின்சார மோட்டார் வெளிவந்தது. அதன்பின் கவலை இறைத்த எருதுகள் ஓய்வு பெற்றன. மோட்டாரும் பம்பும் வந்தன. ஆட்டுக்கல்லைச் சுற்றிய கைகள் ஓய்வு பெற்றன; கோயம்புத்தூர்க் கிரைண்டர் வந்தது. அடுக்களையில் விறகு ஓய்ந்தது, எரிவாயு வந்தது. வெந்நீர் அடுப்பு மட்டும் தன் இடத்தைவிட்டு அசைந்திலது.

பீளமேட்டு மாடங்களில் கீசர் உண்டு; மொட்டை மாடிமேல் கதிரவன் வெப்பத்தால் நீர் காயும் கருவியும் உண்டு. ஆயின், அவிநாசிச் சாலை வழியே கிழக்கே சின்னியம்பாளையத்தையும் நீலம்பூரையும் கடந்தோ, வடக்கே காளப்பட்டியைக் கடந்தோ சென்று, சாலையைவிட்டு இறங்கித் தோட்டத்து வீடுகளின் பக்கம் விடியுமுன் நடந்து பாருங்கள். தென்னந்தோப்புகளின் நடுவே ஆங்காங்கே புகை எழும். அது அடுக்களைப் புகையன்று. வெந்நீர் அடுப்பின் புகை. எரிவாயு உருளை உள்ள வீட்டிலும் அப்புகை எழுகின்றது. ‘குளிக்கும் நீருக்கும் கேஸ் எரித்தால் உருளை எத்தனை நாளைக்கு வரும்?’ என்பது இல்லத்தாரின் வினா. அவ்வினாவில் நியாயம் உண்டு.

வெந்நீர் செல்வர்க்கு மட்டும் உரிய இன்பம் எனக் கருதுதல் பிழை. மகப்பேறு முடிந்து கிடக்கும் தாய்க்கும், அவள் மடியிலுள்ள பச்சிளங் குழந்தைக்கும், முழங்கால் வலியால் வருந்தும் முதியோர்க்கும், எண்ணெய் தேய்த்து முழுகுவோர்க்கும் அது வேண்டப்படுவது. மார்கழி, தை விடியலில் பள்ளி செல்லும் சிறார்க்கும் அது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் செல்லும் எம் போன்றோர் வீடுகளில், சனிக்கிழமை மாலையே விறகு ஒடித்துச் சேர்த்து வைப்பது வழக்கம். எனவே, வெந்நீர் வேண்டா எனக் கூறி இச்சிக்கலைத் தீர்த்தல் இயலாது. அதனை எவ்வாறு பெறுவது என்பதே ஆராயத்தக்கது.

முதற்கண் கணக்கைக் காண்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒருவர் குளிக்கும் 20 லிட்டர் நீரை 25 பாகையினின்று 40 பாகைக்கு உயர்த்த 300 கிலோகலோரி வேண்டும். ஐவர் வாழும் வீட்டிற்கு 1500. இது மின்கணக்கில் ஒன்றே முக்கால் யூனிட் அளவே ஆகும். உலர்ந்த விறகு ஒரு கிலோவில் மூவாயிரத்தைந்நூறு கிலோகலோரி அளவு வெப்பம் அடங்கியுள்ளது. அவ்வாறாயின் அரைக்கிலோ விறகுக்கும் குறைவாகவே போதும் அன்றோ? போதாது. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ சற்று மிகுதியோதான் அண்டாவைச் சேர்கின்றது. எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடுகின்றது. ஆதலின் மூன்று நான்கு கிலோ விறகு வேண்டியுள்ளது. நாள்தோறும் வெந்நீர் கொள்ளும் வீடு ஆண்டொன்றுக்கு ஓராயிரம் கிலோவுக்கு மேல் எரித்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி வானத்தைச் சூடேற்றவே செலவாகின்றது.

‘விறகு தோட்டத்தில் வீணே கிடப்பதுதானே? தென்னை மட்டையும் பன்னாடையும் பருத்திமாரும் எரியாவிடில் மக்கிப்போகும். அவற்றுக்கு விலையில்லையே’ என்று கூறுவர். இதனையே ஒரு சிற்றூரில் யாம் ஒரு மூதாட்டியாரிடம் சொல்லிப் பார்த்தோம். அவர் அடுப்பை ஊதுவதை நிறுத்தி, கண்களை முந்தானையால் துடைத்துக்கொண்டு, “வெறகு சும்மா கெடைக்குது கண்ணு, எம்பட கண்ணு சும்மாவா கெடைச்சுது?” என்றார். அதன்பின் மறுமொழி கூற எமக்கு நாவெழவில்லை. விலையில்லாதது என நாம் கூறும் விறகுக்கு அவர் தம் கண்களாலும் மூச்சாலும் விலை கொடுத்து வந்துள்ளார். மட்டையைப் பொறுக்குதல், வெட்டுதல், மழையில் நனையாது அடுக்குதல், நான்கு மணிக்கு எழுந்து மூட்டுதல், ஈர விறகோடு போராடுதல், அண்டாவின் கரியைத் துலக்குதல் ஆகிய இவற்றை யாரேனும் கூலி வாங்கிச் செய்வாராயின், வெந்நீரே வீட்டின் பெருஞ்செலவாக முடியும்.

திருமறையில் யோசுவாவின் நூலைக் கற்றோர் கிபியோன் ஊராரை அறிவர். விறகு வெட்டுவதும் நீர் முகப்பதும் அவர்க்குத் தலைமுறை தலைமுறையாக விதிக்கப்பட்ட அடிமைத் தொழில்களாயின. அவ்விரு தொழில்களும் சேர்ந்ததன்றோ வெந்நீர் அடுப்பு! அக்காலத்தார் அடிமைக்கு விதித்ததை நாம் அன்னைக்கு விதித்துவிட்டு, அதற்கு அன்பு எனப் பெயரிட்டுள்ளோம். அன்னை அன்பினால் செய்கின்றாள் என்பது மெய்யே. ஆயினும், செய்பவரின் அன்பு செய்விப்பவரின் சோம்பலுக்கு ஆதாரமாதல் தகுமோ?

இனி, மாற்றுவழிகளை ஆராய்வோம்.

முதலாவது, எளியோரும் இன்றே கைக்கொள்ளத்தக்க வழி. அண்டாவை மூடிக் காய்ச்சுதலே ஒரு சிக்கனம். நம் முன்னோர் பயன்படுத்திய செம்பு பாய்லரை நேயர் பலர் பாட்டன்மார் வீட்டில் கண்டிருப்பர். அதன் நடுவே ஒரு குழாய். குழாயினுள் கரியோ சிராயோ எரியும். சுற்றிலும் நீர் சூழ்ந்திருக்கும். நெருப்பு நீரின் நடுவில் இருத்தலின், வெப்பம் வீணாதல் குறைவு. புகையும் மேற்குழாய் வழியே போய்விடும். மூன்று கற்களின்மேல் அண்டாவை ஏற்றியதைவிட அது பன்மடங்கு சிறந்த அறிவு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டியின் தலைமையில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா என்னும் சிற்றூர்த் தொழில்நுட்ப அமைப்பும் இத்தகைய எண்ணத்தோடு சிக்கன அடுப்பை ஆராய்ந்து வடித்தது. தென்னை மட்டை மிக்க தோட்டத்து வீட்டார் விறகை அறவே விட வேண்டுவதில்லை. பாதி விறகில், புகைபோக்கியோடு, காய்ச்சுதல் அவர்க்கு இயலும்.

இரண்டாவது, மின்சாரம். சுவிட்சைத் தட்டியவுடன் நீர் காய்கின்றது. இதனினும் எளிது யாது? ஆயின் நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்யுங்கால் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அனல்நிலையத்திலேயே வீணாகின்றது. அவ்வாறு அரிதிற் பெற்றதை மீண்டும் வெப்பமாக்கிக் குளிநீரில் விடுதல், பட்டுத் துணியால் அடுப்பைத் துடைப்பது போலாம். அன்றியும் ஊரார் எல்லாரும் ஒரே காலை வேளையில் கீசரை முடுக்குகின்றனர். எளியோரோ கீசர் வாங்க மாட்டாது, வாளியில் இடும் ஹீட்டர் கம்பியை வாங்குகின்றனர். ஈரக் கையும் உலோக வாளியும் சேர்ந்தவழி அது உயிர்க்கே கேடாகும். எரிவாயுக் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டுதலும் அத்தகைய கேடுடையதே. கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாகாத நச்சுக்காற்று அங்கே சேரும். மின்சாரமே கொள்வதாயின், நட்சத்திரக் குறி மிகுந்த கீசரைத் தேர்ந்து, நீர் அளவாகச் சூடேறியவுடன் அணைத்தல் நன்று. விடுதிகள் போன்ற பெரிய இடங்களுக்கு, சுற்றுப்புறக் காற்றின் வெப்பத்தை ஈர்த்து நீருக்குத் தரும் வெப்பப் பம்பு ஏற்றது. அது ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் அளவு வெப்பத்தைத் தர வல்லது.

மூன்றாவது, ஞாயிற்றின் வெப்பம். இது புதுமையன்று. 1891-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கிளாரென்ஸ் கெம்ப் என்பார் கதிரவனால் நீர் காய்ச்சும் கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பார் வெப்பம் ஏற்கும் பகுதியையும் நீர்த்தொட்டியையும் பிரித்தமைத்து, பகலிற் காய்ந்த நீர் இரவிலும் ஆறாதிருக்கச் செய்தார். இஸ்ரேல் நாடு 1980-இல் புதிய வீடுகளுக்கு இக்கருவியைச் சட்டத்தால் விதித்தது. அதன் இயக்கமும் எளியது. கருநிறத் தகட்டிலோ வெற்றிடக் கண்ணாடிக் குழாயிலோ வெயில் பட, உள்ளிருக்கும் நீர் சூடேறி இலேசாகித் தானே மேலேறித் தொட்டியைச் சேரும். குளிர்ந்த நீர் கனத்தால் கீழிறங்கும். தள்ளுதற்கு மோட்டார் வேண்டுவதில்லை. கோவை நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 யூனிட் அளவு வெயில் விழுகின்றது. 2 சதுர மீட்டர் பரப்பு 100 லிட்டர் நீரை நன்கு காய்ச்சப் போதும். முன்னாள் மாலையே நீர் காய்ந்து நிற்கும். நான்கு மணிக்கு எவரும் எழ வேண்டுவதில்லை.

இவ்வளவு நன்மையிருந்தும் சிற்றூர்களில் இது பரவாமைக்குக் காரணம் மக்களின் அறியாமை என்று நகரத்தார் கூறுவர். யாம் அதனை ஏற்கமாட்டோம். சிற்றூரார் கூறும் தடைகள் மெய்யானவை. முதல் தடை பணம். பல்லாயிரம் ரூபாயை ஒரே முறையில் எடுத்து வைத்தல் கூலி வாழ்வினர்க்கு அரிது. நடுவண் அரசு இதற்கென அளித்துவந்த உதவித்தொகை 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. 2024-இல் தொடங்கிய கூரைச் சூரிய மின்திட்டம் 78,000 ரூபாய் வரை உதவுகின்றது. ஆயின் அது மின்சாரத்திற்கே உரியது. இரண்டாம் தடை கூரை. 100 லிட்டர் நீரே 100 கிலோ எடையுடையது. ஓட்டு வீட்டின் கைமரம் அதனைத் தாங்காது. மூன்றாவது, வாடகைக் குடியினர் நிலை. லைன் வீடுகளில் வாழும் ஆலைத் தொழிலாளர்க்குக் கூரையே தமதன்று. நான்காவது தண்ணீர். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. காயுந்தோறும் குழாயினுள் வெள்ளைப் படிவம் படியும். எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்றே ஆண்டில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. விற்றவர் திரும்பிப் பார்க்கவில்லை. கருவி இன்று மாடிமேல் காக்கைக்கு இருக்கையாக உள்ளது. அவ்வீட்டாரைக் கண்ட அயலார் எவ்வாறு துணிந்து வாங்குவர்? ஐந்தாவது, ஆனி, ஆடித் திங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகம். அந்நாட்களில் வெயிலை மட்டும் நம்புதல் இயலாது.

இத்தடைகளில் பணமும் இடமும் தனி வீட்டார் ஒருவரால் நீக்கத்தக்கன அல்ல. ஊராகக் கூடினால் நீக்கலாம். ஊர் கூடி ஆற்றலைத் தேடுதல் இயலுமோ என ஐயுறுவோர் நம் மாவட்டத்து ஓடந்துறையை நோக்குக. மேட்டுப்பாளையத்தை அடுத்த அவ்வூராட்சியில் ஆர். சண்முகம் தலைவராயிருந்த காலத்தில், 2006-ஆம் ஆண்டு, ஊராட்சியே வங்கிக் கடன் பெற்று, உடுமலைப் பக்கத்து மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவிற்று. ஊருக்கு வேண்டிய மின்சாரத்திற்கு ஈடுசெய்தபின் எஞ்சியதை மின்வாரியத்திற்கு விற்று வருவாயும் ஈட்டிற்று. அஃது வெந்நீருக்காகச் செய்ததன்று என்பதை அறிவோம். எனினும், ஓர் எளிய ஊராட்சி கணக்கறிந்து, கடன் பெற்று, ஆற்றல் பொருளில் தற்சார்பு எய்தலாம் என்பதற்கு அது போதிய சான்று. காற்றாலை நிறுவிய மாவட்டத்தார்க்குக் கழிப்பறைக்கு அருகே ஒரு வெந்நீர்த் தொட்டி நிறுவுதல் அரிதாகுமோ?

மற்றொன்றையும் எண்ணுக. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கி, 300 சதுர அடி வீட்டையும் அதில் கதிரவன் ஆற்றலால் எரியும் விளக்குகளையும் எளியோர்க்கு அளித்தது. நற்செயலே. அவ்வுறுதியான கூரைமேல் வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு மேடையும் கீழே வர ஒரு குழாயும் கட்டும்போதே அமைத்தல் எத்துணை எளிது! வீட்டைத் திட்டமிடுவோர் விளக்கை நினைக்கின்றனர். விளக்கின்றி இருளில் எழுந்து நெருப்பூதும் பெண்ணை நினைப்பதில்லை.

ஆகவே, யாம் வேண்டுவன இவை. எளியோர்க்கு அரசு கட்டித்தரும் எவ்வீட்டிலும் வெந்நீர்த் தொட்டிக்குரிய மேடையும் குழாயும் அமைத்தல் வேண்டும். நின்றுபோன உதவித்தொகை சிற்றூர்க்கும் ஓட்டு வீட்டார்க்கும் வாடகைக் குடியினர்க்குமேனும் மீண்டும் வருதல் வேண்டும். பல குடியினர் வாழும் லைன் வீடுகளில் ஒரு பொதுக் கருவி அமைத்து, செலவை உரிமையாளரும் குடியினரும் பகிர்தல் வேண்டும். மகளிர் குழுக்கள் ஆடு மாடு வாங்கக் கடன் தருதல் போலச் செம்பு பாய்லருக்கும் சூரியக் கருவிக்கும் கடன் தருதல் வேண்டும். இயன்றவிடத்துக் கருவிக்குள் ஆற்றுக் குடிநீரையே விடுதலும், உப்பு நீர்தான் உண்டெனின் ஆண்டுதோறும் படிவம் நீக்குதலும் இன்றியமையாதன. அதனைச் செய்ய ஊர்தோறும் பயின்ற இளைஞர் இருவர் போதும். மோட்டார் பழுது பார்ப்போர் நிறைந்த இந்நாட்டில் அவர்க்குப் பஞ்சமில்லை. மேகமூட்ட நாட்களுக்குப் பழைய பாய்லர் துணையாக நிற்கட்டும்.

மாணவ நண்பர்களே! அரசும் ஊராட்சியும் செய்யட்டும் எனக் கூறி நாம் ஒதுங்குதல் ஒழுங்கன்று. அடுத்த விடுமுறையில் வீட்டிற்குச் சென்றதும் மூன்று கல்லை அகற்றி, புகைபோக்கியுடன் ஓர் அடுப்புக் கட்டுதல் நம் கைகளால் இயலாத தொழிலா? அதுவும் இயலாதெனின், நாளைக் காலை நான்கு மணிக்கு எழுந்து அவ்வடுப்பை நாமே மூட்டலாம். ஒரு வாரம் ஊதிப் பார்த்தவர் மாற்றுவழி தேடாது இரார். பெண்ணின் புகையில் ஆடவன் நீராடும் வழக்கம் அப்போதுதான் நமக்கு உறுத்தும்.

நம் ஆண்டவர் தம் கடைசி இரவில் தாமே பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடர் கால்களைக் கழுவினார். ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று அதனை ஆலயத்தில் நினைவுகூர்கின்றோம். மறுநாள் விடியலில் நம் கால்களுக்கு நீர் காய்ச்சியவரை நினைவுகூர்வதில்லை. அவர் புறக்கடையில் இருக்கின்றார். அவர் கண்களைப் புகையினின்று காத்தல் நம் கடமை. அக்கடமையை இவ்வாண்டே தொடங்குவோமாக.